உங்களுக்குத் தெரியுமா? வீட்டு டேப்பில் தப்பிய பீட்டில்ஸ்

ஒரு காலத்தில் பிபிசி வானொலி தினமும் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. இசைக்கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களோடும் செய்த ஒப்பந்தம் அது. மீதி நேரத்தை நிரப்பப் பாடகர்களையே ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். அப்படித்தான் 1962 முதல் 1965 வரை இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு பிபிசிக்காக 88 பாடல்களை, திரும்பத் திரும்பப் பாடியதையும் சேர்த்து 275 முறை பாடியது. அவற்றில் 36 பாடல்கள் அவர்கள் சேர்ந்திருந்த காலத்தில் இசைத்தட்டாக வரவே இல்லை.

வேதனை என்னவென்றால், ஒலிபரப்பு முடிந்ததும் பல டேப்புகளை அழித்து அவற்றிலேயே வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள். காப்பாற்றியவர்கள் நேயர்கள்! வானொலிப் பெட்டிக்கு அருகே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த வீட்டுப் பிரதிகளும், வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய தட்டுகளும் கைகொடுத்தன. 1994இல் 56 பாடல்களோடு ஒரு தொகுப்பு வெளிவந்தது, 2013இல் இரண்டாவது. கரகரப்பு கேட்கத்தான் செய்யும். ஆனால் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பாடும் அந்தத் துடிப்பு வேறெங்கும் கிடைக்காது.

இப்படிப்பட்ட வீட்டுப் பதிவுகள் நம் ஊரிலும் இருக்கலாம். நாமக்கல்லுக்குப் பக்கத்து நிலையம் 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி. அதில் கேட்ட கச்சேரியையோ நாட்டுப்புறப் பாட்டையோ உங்கள் வீட்டில் யாராவது கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார்களா? வெயிலில் சூடேறும் பரணிலிருந்து முதலில் அதை இறக்குங்கள். பாட்டின் பெயர், பாடியவர், ஆண்டு ஆகியவற்றை உறையில் எழுதிவிட்டு, கணினிக்கு மாற்றித் தருபவரிடம் கொடுங்கள்.