வெயில் தரும் புண்ணும் வெயில் தரும் மருந்தும்

நண்பகல் வெயில் கடுமையாகும்போது மாடு மரநிழலை நாடுகின்றது. உழவனும் வேலையை நிறுத்திச் சற்றே ஒதுங்குகின்றான். வயலில் நிற்கும் பயிர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. உணவை ஆக்குவதற்கு அதற்கு வெயில் வேண்டும். ஆதலின் இலைகளை விரித்து அவ்வெயிலை ஏற்றேயாக வேண்டும். ஆனால், உணவாக்க உதவும் ஒளியோடு, உயிரின் அடிப்படைக்கே தீங்கு செய்யும் கதிர்களும் கலந்து வருகின்றன. ஓட இயலாத பயிர் அத்தீங்கிலிருந்து தன்னை எவ்வாறு மீட்டுக்கொள்கின்றது?

கண்ணுக்குப் புலப்படும் ஒளியுள் அலைநீளம் மிகக் குறைந்தது ஊதா. அதனினும் குறுகிய அலைநீளமுடைய கதிர்களை ஊதாக்கடந்த கதிர்கள் என்பர். இவற்றை ஏ, பீ, சீ என மூன்றாக வகுத்துள்ளனர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு நனோமீற்றர் ஆகும். 280 நனோமீற்றருக்குக் குறைந்த சீ வகைக் கதிர்களை வளிமண்டலமும் அதன் உயரத்திலுள்ள ஓசோன் படையும் முற்றாகத் தடுத்துவிடுகின்றன. 280 முதல் 315 நனோமீற்றர் வரையுள்ள பீ வகையில் ஒரு சிறு பகுதி மட்டும் தப்பி நிலத்தை அடைகின்றது. பயிருக்குப் பெருந்தொல்லை விளைப்பது இச்சிறு பகுதியே.

இக்கதிர்கள் தாக்கும் இடம் டி. என். ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு. முறுக்கிய நூலேணி போன்ற அதன் படிகள் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களால் ஆனவை. இந்நான்கும் நிற்கும் ஒழுங்கே, எந்தப் புரதத்தை எவ்வாறு ஆக்குவது என்று கலத்துக்குக் கூறும் எழுத்து வரிசை ஆகும். ஊதாக்கடந்த கதிர் படும்போது, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. தைமினும் சைற்றோசினும் இவ்வாறு பிணைவதுமுண்டு. இப்பிணைப்புக்கு இருபகுதியம் என்று பெயர். ஏட்டில் இரண்டு எழுத்துக்கள் மை ஊறி ஒட்டிக்கொண்டால் படிப்பவன் அவ்விடத்தில் தடுமாறுவான் அன்றோ? கலத்துக்கும் அந்நிலையே நேர்கின்றது. வரிசையைப் படியெடுக்கும் வேலை அங்கே தடைப்படுகின்றது. தடையைத் தாண்டிச் சென்றாலும் பிழை புகக்கூடும்.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. புண் இன்னதென்று அறியப்படுமுன்னரே அதற்கு மருந்து கண்டறியப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஆல்பேட் கெல்னர் என்பார் நுண்ணுயிர்களின் வித்திகளை ஊதாக்கடந்த கதிர்களால் தாக்கி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணி வந்தார். ஒரே அளவு கதிர் கொடுத்தும் ஒரு நாள் சிலவே பிழைத்தன. இன்னொரு நாள் மிகப் பல பிழைத்தன. வெப்பநிலை வேறுபாடே காரணமென அவர் முதலில் ஐயுற்றார். சாளரத்தருகே வைத்த கலன்களின் மேல் விழுந்த சாதாரண ஒளியே காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. 1949ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். அதே ஆண்டில் ரெனாற்றோ டல்பெக்கோ என்பாரும் பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசுகளில் இதனையொத்த மீட்சியைக் கண்டார். தைமின்கள் இவ்வாறு பிணைவதை ஒல்லாந்து நாட்டு அறிஞர்களான பியூக்கர்ஸ், பெரண்ட்ஸ் ஆகியோர் கண்டதோ 1960இல்தான்.

ஒளி தானாக மருந்தாவதில்லை. அதனைப் பயன்படுத்தும் நொதியம் ஒன்று வேண்டும். அந்நொதியத்தைப் போட்டோலையேசு என்பர். அது டி. என். ஏ. இழையிலுள்ள இருபகுதியத்தை இனங்கண்டு பற்றிக்கொள்கின்றது. பிணைந்த இரு மூலங்களையும் இழையினின்று வெளியே திருப்பித் தன் குழிக்குள் ஏற்றுக்கொள்கின்றது. அக்குழியருகே உயிர்ச்சத்து பீ2 இலிருந்து உண்டாகும் பிளேவின் என்னும் பொருள் இருக்கின்றது. நீல ஒளியோ ஏ வகை ஊதாக்கடந்த ஒளியோ பட்டதும் பிளேவின் ஓர் இலத்திரனை இருபகுதியத்துக்குக் கொடுக்கின்றது. உடனே தகாத பிணைப்பு அறுபடுகின்றது. இலத்திரனும் பிளேவினிடம் மீண்டுவிடுகின்றது. ஒளி பட்டபின் இவையெல்லாம் முடிவதற்கு ஒரு வினாடியின் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு போதும். எதனையும் வெட்டி எறிவதுமில்லை. புதிதாக எதனையும் கட்டுவதுமில்லை.

இருளிலும் நடைபெறும் வேறொரு முறையும் உண்டு. அம்முறையிற் பழுதுள்ள துண்டு முழுவதும் வெட்டி அகற்றப்பட்டு, எதிரிழையைப் பார்த்துப் புதிய துண்டு கட்டப்படுகின்றது. பயிர்களிடம் இரு முறைகளும் உள்ளன. மனிதனிடம் போட்டோலையேசு இல்லை; வெயிலால் வரும் இப்பழுதுகளை நீக்க அவன் வெட்டிக் கட்டும் முறையையே நம்பியிருக்கின்றான். போட்டோலையேசு ஆராய்ச்சியில் தம் பணியைத் தொடங்கி, பின்னர் வெட்டிக் கட்டும் முறையை விளக்கிய அசீஸ் சன்ஜார் 2015இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இந்நொதியம் பயிரின் விளைவுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை யப்பானிய நெல்லினங்கள் இரண்டு காட்டுகின்றன. ஒன்று சசனிஷிக்கி, மற்றது நோரின் 1. இவை நெருங்கிய உறவுடையவை. எனினும், பீ வகைக் கதிர்களை மிகுதியாகப் பெறும்போது சசனிஷிக்கி தாங்கி நிற்கின்றது; நோரின் 1 வளர்ச்சி குன்றிப்போகின்றது. செண்டாய் நகரிலுள்ள தோஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிதெமா முதலானோர் இதன் காரணத்தைத் தேடினர். போட்டோலையேசுப் புரதத்தில் 126ஆம் இடத்தில் நிற்கும் ஒரே ஓர் அமினோவமிலம் இரண்டிலும் வேறுபட்டிருந்தது. சசனிஷிக்கியில் அது குளுற்றமின். நோரின் 1 இல் ஆர்ஜினின். அவ்வொரு மாற்றத்தால் நோரின் 1 இன் நொதியம் தன் வேலையை மந்தமாகச் செய்தது. நொதியத்தைக் கூடுதலாக ஆக்குமாறு மாற்றப்பட்ட நெற்பயிர்கள் அக்கதிர்களை மேலும் நன்றாகத் தாங்கின என்பதும் 2007இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. நெல்லில் இந்நொதியம் கருவில் மட்டுமன்றி, உணவாக்கும் பச்சையவுருமணியிலும், சத்தியை ஈனும் இழைமணியிலும் பணிபுரிகின்றது என்பது பின்னர் அறியப்பட்டது.

நோரின் 1 இழிந்த இனமன்று. யப்பானியர் பெரிதும் விரும்பியுண்ணும் கொஷிஹிக்காரி நெல்லின் பெற்றோருள் அதுவும் ஒன்று. விளைவையும் சுவையையும் நோக்கி இனந்தெரிந்தவர்களின் கண்ணுக்கு, புரதத்தினுள் மறைந்து நின்ற அவ்வோர் எழுத்துத் தென்பட வழியிருக்கவில்லை. இன்று அதனைத் தேடிப் பார்க்க இயலும்.

பயிருக்கு வாய்த்த காவல் மூன்றடுக்கானது. வானில் ஓசோன் படை. இலையின் மேற்றோலில் கதிர்களை உறிஞ்சும் பிளேவனொயிட்டு என்னும் நிறப்பொருள்கள். இவற்றைக் கடந்து வந்த கதிர் செய்யும் பழுதைத் தீர்க்கக் கலத்தினுள்ளே போட்டோலையேசு. தென்முனைக்கு மேலே ஓசோன் குறைந்துவருவது 1985இல் அறிவிக்கப்பட்டபோது உலகநாடுகள் விழித்துக்கொண்டு, 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை செய்தன. வானிலுள்ள காவலைக் காப்பது அரசுகளின் கடமை. கலத்தினுள்ளே உள்ள காவலோ ஒவ்வொரு நெல்மணியிலும் வழிவழியாக வருவது. எந்த நெல்லை விதைநெல்லாகத் தெரிந்தெடுக்கின்றோமோ, அதனோடு அக்காவலின் வலிமையும் தெரிந்தெடுக்கப்படுகின்றது.