பதிவேடு மாறியது, அட்டை மாறவில்லை!

உங்கள் பள்ளியில் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அதில் உண்டு. கணித ஆசிரியருக்கு வேண்டியவை பெயரும் மதிப்பெண்ணும் மட்டுமே. ஓர் அட்டையில் அந்த இரண்டு பத்திகள் மட்டும் தெரியும்படி துளை வெட்டி, பதிவேட்டின் மேல் வைத்துக் கொடுத்தால் போதுமல்லவா? கம்ப்யூட்டரின் தகவல் தளத்தில் இந்த அட்டைக்கு 'வியூ' என்று பெயர். அட்டையில் எதுவும் எழுதியிருக்காது. நாம் பார்ப்பது அடியிலுள்ள பதிவேட்டைத்தான். ஆகவே, பதிவேட்டின் அமைப்பை மாற்றினாலும் துளைகளை இடம் மாற்றி வெட்டிவிட்டால் ஆசிரியர் பழையபடியே படிக்கலாம்.

இது உண்மையாகவே நடந்தது. 'போஸ்ட்கிரெஸ்' என்ற தகவல் தள மென்பொருள், தன்னைப் பயன்படுத்துவோரின் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். முன்பு பயனாளர்களுக்கு 'பிஜி ஷேடோ', குழுக்களுக்கு 'பிஜி குரூப்' என இரண்டு பட்டியல்கள் இருந்தன. (ஷேடோ என்றால் நிழல். கடவுச் சொற்கள் இருப்பதால் பிறர் கண்ணில் படக்கூடாத பட்டியல் அது!) 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 8.1 பதிப்பில் இரண்டையும் ஒரே பட்டியலாக இணைத்தார்கள். பழைய பெயர்களைக் கேட்கும் புரோகிராம்கள் என்ன ஆயின? ஒன்றும் ஆகவில்லை. அதே பெயர்களில் இரண்டு வியூக்களை அமைத்துவிட்டார்கள். உள்ளே நுழைய அனுமதி உள்ளவர்களை ஒன்று காட்டும். மற்றவற்றை இன்னொன்று காட்டும்.

ஆனால் எப்போதும் இப்படிச் செய்ய முடியுமா? யார் இணைந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று காட்டும் வியூ ஒன்றும் போஸ்ட்கிரெஸில் உண்டு. அதில் 'கரண்ட் குவெரி' என்ற பத்தி, அப்போது ஓடும் கட்டளையைக் காட்டும். சும்மா இருந்தால் 'ஐடில்' என்று சொல்லும். 2012-இல் வந்த 9.2 பதிப்பில், சும்மா இருந்தாலும் கடைசியாக ஓடிய கட்டளையே தெரியும்படி மாற்றினார்கள். சும்மா இருப்பதைச் சொல்லத் தனிப் பத்தி வந்தது. பழைய பத்தியின் பெயரும் 'குவெரி' என்று மாறியது. பழைய பெயரைக் கேட்ட புரோகிராம்கள் பிழை காட்டி நின்றன. அந்தப் பெயரை நம்பிப் பயனாளர்கள் தாமே அமைத்திருந்த வியூக்களைப் புதிய பதிப்பில் மறுபடி உருவாக்கவே முடியவில்லை.

பெயரை மாற்றாமல் விட்டிருந்தால்? 'ஐடில்' என்று இல்லாதவர்களையெல்லாம் வேலை செய்பவர்கள் என எண்ணும் ஒரு புரோகிராம், சும்மா இருப்பவர்களையும் சேர்த்து எண்ணியிருக்கும். பிழை என்று ஒரு வார்த்தையும் வந்திராது. தவறான விடை மட்டும் வந்துகொண்டேயிருக்கும். அதைவிட நின்றுபோனதே மேல்.

அதே பதிப்பில் 'பிராக்பிஐடி' என்ற பத்தியும் 'பிஐடி' ஆயிற்று. இதன் பொருள் துளியும் மாறவில்லை. மற்ற வியூக்களோடு பெயர் ஒத்திருக்க வேண்டும் என்பதே காரணம். இந்த ஒன்றை விட்டுவைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.