போக்கர் சில்லு

போக்கர் சில்லு என்பது சூதாட்ட விடுதிகளின் போக்கர் மேசைகளில் பணத்துக்குப் பதிலாகப் பயன்படும் வட்டமான வில்லை ஆகும். இது சிப் எனவும் அழைக்கப்படுகிறது. இது நாணயம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநில விதிகளின்படி, சில்லு அதை வைத்திருப்பவருக்கு விடுதி தரவேண்டிய கடனுக்கான அடையாளமே. சில்லு விடுதியின் உடைமையாகும். அதை விடுதிக்கு வெளியே பணமாகப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

நிறங்கள்

அமெரிக்க விடுதிகளில் சிவப்பு 5 டாலரையும், பச்சை 25 டாலரையும், கறுப்பு 100 டாலரையும் குறிப்பது பொது வழக்கம்.

ஆட்டத்தில் அமர்தல்

ஒவ்வொரு மேசையிலும் அமர்வதற்கு வாங்க வேண்டிய சில்லுகளுக்குக் கீழ்வரம்பும், பெரும்பாலும் மேல்வரம்பும் உண்டு. எடுத்துக்காட்டாக, கட்டாயப் பந்தயம் 1, 2 டாலராக உள்ள மேசையில் இவ்வரம்பு 100 முதல் 300 டாலர் வரை இருக்கலாம். ஓர் ஆட்டம் நடக்கும்போது புதிய சில்லுகளைச் சேர்க்க இயலாது. எனவே பணம் மிகுந்தவர் பிறரைப் பந்தயத் தொகையால் வெளியேற்ற முடியாது. 80 டாலர் மட்டுமே உள்ளவர், எதிராளி 500 டாலர் பந்தயம் வைத்தாலும், 80 டாலருடன் தொடரலாம். வென்றால் அவ்வெதிராளியிடமிருந்து 80 டாலர் மட்டுமே பெறுவார். வென்ற சில்லுகளை, மேசையை விட்டு எழும்வரை சட்டைப்பைக்குள் வைப்பதும் கூடாது.

டீலருக்கான அன்பளிப்பு

டீலர் எனப்படும் சீட்டு வழங்குநருக்கு, ஆட்டத்தில் வென்றவர் ஒரு டாலர் சில்லை அளிப்பது வழக்கம். டீலர் அதை மேசையில் தட்டிக் காட்டியபின் தமது பெட்டியில் இடுவார். விடுதியின் சில்லை எடுக்கவில்லை என்பதைக் கண்காணிப்புக் கருவிகளுக்குக் காட்டவே இச்செய்கை. இத்தகைய அன்பளிப்பு பரிசன்று, வரிக்குரிய வருமானமே என்று 1976 ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ் டீலர் ஒருவரின் வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போலியும் திருட்டும்

போட்டித்தொடர்களில் தரப்படும் சில்லுகளைப் பணமாக மாற்ற இயலாது. எனினும் அவற்றிலும் போலிகள் நுழைவதுண்டு. 2014 ஆம் ஆண்டு ஜனவரியில், அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா விடுதியில் போலிச் சில்லுகள் கண்டறியப்பட்டதால் ஒரு போட்டி நிறுத்தப்பட்டது.

2010 ஆம் ஆண்டு டிசம்பரில், லாஸ் வேகாசின் பெலாஜியோ விடுதியில் சுமார் 15 இலட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகள் கொள்ளையிடப்பட்டன. அவற்றுள் 25,000 டாலர் சில்லுகளும் இருந்தன. அவ்வகைச் சில்லுகளை 2011 ஏப்ரல் 22 ஆம் நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், அதன்பின் அவை செல்லாது என விடுதி அறிவித்தது. அவற்றை விற்க முயன்றவர் அதற்கு முன்பே, 2011 பிப்ரவரியில், கைது செய்யப்பட்டார்.