மரமேறும் கயிறும் அதற்கேற்ற பிடிகருவியும்

புளி, மா, பலா, வேம்பு முதலிய பெருமரங்களில் கிளை கழித்தலும், காற்றில் முறிந்து தொங்கும் கொம்புகளை இறக்குதலும் கிராமங்களில் அடிக்கடி நேரும் வேலைகளாகும். தென்னை, பனை போன்ற ஒற்றைத் தண்டு மரங்களுக்குத் தளையும், காலால் மிதித்து ஏறும் இயந்திரமும் உதவுகின்றன. இவை தண்டையே பற்றி நிற்பவையாதலால் கிளை விரிந்த மரங்களுக்குப் பயன்படா. அத்தகைய மரங்களில், உயரத்தில் உள்ள உறுதியான கவை ஒன்றில் கயிற்றை மாட்டி, இடைக்கச்சை அணிந்து, அக்கயிற்றில் தொங்கியவாறு வேலை செய்தலே பத்திரமான முறையாகும். தொங்குபவன் வேண்டிய இடத்தில் நிற்கவும், வேண்டியபோது மெல்ல இறங்கவும், கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் கொடுக்கும் சாதனம் ஒன்று வேண்டும். முன்னர் இதற்கு முடிச்சே வழங்கிற்று. ஆஸ்திரிய மலையேறியான கார்ல் பிரஸிக் என்பார் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிச்சு இவ்வகையில் பெயர் பெற்றது. இப்போது மரவேலை செய்வோர் பலர் முடிச்சுக்குப் பதிலாக உலோகப் பிடிகருவிகளைக் கையாளுகின்றனர்.

இக்கருவிகளை வாங்குவோர் பலரும் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டுமே விசாரிக்கின்றனர். அது போதாது. மரமேறுதற்குரிய கயிறு ஒரு மனிதனின் எடையைப்போலப் பல மடங்கு தாங்கவல்லது. ஆனால் கயிறு அறாமலிருந்தும் கருவி அதனைப் பற்றாவிடில் ஆள் விழுவான். ஆகவே கயிறும் கருவியும் இரண்டு பொருள்களல்ல. ஒரே சாதனத்தின் இரு பாகங்கள் எனக் கருதி, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தெரிந்தெடுத்தல் இன்றியமையாதது.

உராய்வின் இயல்பு

முரட்டுக் காளையின் கயிற்றை ஒரு கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், மறுமுனையைச் சிறுவனும் பிடித்து நிற்கலாம் என்பதைக் குடியானவர் அறிவர். சுற்றுக்கள் கூடக்கூடப் பிடிப்பானது கூட்டல் முறையிலன்றிப் பெருக்கல் முறையில் வளர்கின்றது. உராய்வின் அளவு 0.2 ஆக உள்ள கயிறு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கும், இரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு மடங்கும், மூன்று சுற்றுக்கு 43 மடங்கும் பாரத்தைத் தடுக்கும். அதே கயிறு சற்று வழவழப்பாகி உராய்வு 0.15 ஆகக் குறைந்தால், மூன்று சுற்றின் பிடிப்பு 43 மடங்கிலிருந்து 17 மடங்காக இறங்கிவிடும். வழவழப்பில் நேர்ந்த சிறு மாறுதல் பிடிப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுவது கவனிக்கத்தக்கது.

பிடிகருவியும் இவ்விதிப்படியே இயங்குகின்றது. அதனுள் கயிறு வளைந்து நெளிந்து செல்லும். ஆளின் பாரம் விழும்போது உலோகத் துண்டுகள் சாய்ந்து கயிற்றை நெருக்கும். கைப்பிடியை அழுத்தினால் அவை நேராகிக் கயிற்றை வழுவவிடும். ஆதலின் கயிற்றின் பருமன், வழவழப்பு, விறைப்பு ஆகிய ஒவ்வொன்றும் கருவியின் நடத்தையை மாற்றும்.

பருமன்

ஒவ்வொரு கருவியும் குறிப்பிட்ட பருமனுள்ள கயிற்றிற்கென்றே செய்யப்பட்டது. அந்த அளவு கருவியின் மேலோ, உடன் வரும் குறிப்பிலோ காணப்படும். உதாரணமாக, பெட்ஸல் நிறுவனத்தார் மரவேலைக்கெனச் செய்யும் 'ஜிக்ஜாக்' என்னும் கருவிக்கு 11.5 முதல் 13 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள கயிறு வேண்டும். அதே நிறுவனத்தார் செய்யும் 'ஐடி எஸ்' என்னும் இறங்கு கருவிக்கோ 10 முதல் 11.5 மில்லிமீட்டர் வரையுள்ள கயிறே தகும். ஒன்றுக்கு ஏற்ற கயிறு மற்றொன்றிற்குப் பெரும்பாலும் ஏலாது என்பது இதனால் விளங்கும். அளவிற்கு மெலிந்த கயிறு கருவியினுள் நழுவும். அளவிற்குத் தடித்த கயிறு சிக்கிக்கொண்டு ஏறவும் இறங்கவும் இடையூறு செய்யும். களைத்த வேலையாள் அதனை விடுவிக்க முயன்று கைப்பிடியை முழுதும் அழுத்திவிடும் அபாயமும் உண்டு.

அளவின் எல்லையில் அமைந்த கயிற்றை வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். நைலான் உறையுள்ள கயிறு சில முறை நனைந்து காய்ந்தபின் நீளத்தில் சுருங்கிப் பருமனில் தடிக்கும். நாட்பட்ட கயிறு மேலே பஞ்சுபோலப் பிசிர் எழுந்தும் தடிக்கும். ஆகையால் அளவின் இடைப்பட்ட பருமனே உத்தமம்.

உறையும் உள்ளீடும்

மூன்று புரியாக முறுக்கிய சாதாரணக் கயிறு இக்கருவிகளுக்கு ஆகாது. பாரத்தில் அது முறுக்கவிழ்ந்து சுழலும். உள்ளே நூற்கற்றையும், அதைச் சூழ்ந்து பின்னிய உறையும் உடைய கயிறே ஏற்றது. இதிலும் இருவகை உண்டு. ஒருவகையில் உள்ளீடே பாரம் தாங்க, உறை அதற்குக் காப்பாக மட்டும் நிற்கும். பதினாறு புரியால் தடிப்பாகப் பின்னிய மற்றொரு வகையில், பாரத்தின் பெரும்பகுதியை உறையே தாங்கும். முதல்வகையில் உறையானது உள்ளீட்டின்மேல் நழுவாதிருத்தல் வேண்டும். நழுவினால் கருவி பற்றியிருப்பது உறையை மட்டுமே.

ஐரோப்பிய அளவுமுறையான ஈ.என். 1891 இவ்வகைக் கயிறுகளைப் பற்றியது. அதன்படி 'ஏ' வகுப்புக் கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,240 கிலோகிராம் எடையின் இழுப்பைத் தாங்கவேண்டும். 50 கிலோகிராம் பாரத்தினின்று 150 கிலோகிராமுக்கு உயர்த்தும்போது நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நீளலாகாது. மலையேறுவோர் வீழ்ச்சியைத் தாங்குவதற்கென வாங்கும் நீட்சி மிகுந்த கயிறு மரவேலைக்குத் தகாது. அது ஊஞ்சல்போல ஆட, கருவியும் சீராகப் பற்றாது.

கயிற்றை மாட்டும் முறை

கயிறு மாட்டப்படும் விதத்தாலும் கருவியின்மேல் விழும் பாரம் வேறுபடும். ஒருமுனையை இடைக்கச்சையில் கட்டி, கயிற்றைக் கப்பியின்மேல் செலுத்தி, மறுபக்கத்தில் கருவியைப் பூட்டினால், 80 கிலோகிராம் எடையுள்ளவனின் பாரத்தில் பாதியாகிய 40 கிலோகிராமே கருவியில் விழும். கப்பியின்றிக் கவையின் பட்டைமேலேயே கயிறு ஓடினால், இறங்கும்போது பட்டையின் உராய்வும் பாரத்தில் ஒரு பங்கைத் தடுப்பதால், கருவியில் விழுவது 40-க்கும் குறைவு. கயிற்றை மேலே அசையாது கட்டிவிட்டு ஒற்றைக் கயிற்றில் இறங்கினாலோ 80 கிலோகிராமும் கருவியையே சாரும். ஒரு முறைக்கென்று செய்த கருவியை மற்றொரு முறைக்குப் பயன்படுத்துவது, செய்தோரின் குறிப்பில் அனுமதி இருந்தாலன்றிக் கூடாது. நேற்றுப் பட்டையின்மேல் நன்றாகப் பற்றிய இணை, இன்று கப்பியின்மேல் விரைவாக வழுவுவதற்கும் இதுவே காரணம்.

வெப்பம்

இறங்கும்போது ஆளின் எடையால் உண்டாகும் சக்தி முழுதும் உராய்வில் வெப்பமாக மாறும். 80 கிலோகிராம் எடையுள்ளவன் 15 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 12,000 ஜூல் வெப்பம் தோன்றும். மெல்ல இறங்கினால் அது உலோகத்திலும் காற்றிலும் பரவிவிடும்; ஒரே மூச்சில் சறுக்கினால் கயிறு தொடும் இடத்திலேயே குவியும். பாலியெஸ்டர் நூல் ஏறக்குறைய 250 பாகை செண்டிகிரேடிலும், நைலான் தன் வகைக்கேற்ப 215 முதல் 260 பாகை வரையிலும் உருகும். மிக்க வலிவுடையதென விற்கப்படும் உயர்வகைப் பாலிஎதிலீன் நூலோ 150 பாகைக்குள்ளேயே உருகுவதுடன் வழவழப்பும் மிக்கது. ஆகவே வலிவை மட்டும் பார்த்து அதனை உறையாகக் கொண்ட கயிற்றைப் பிடிகருவிக்குத் தெரிந்தெடுத்தல் பெருந்தவறாகும்.

ஈரமும் பிசினும்

நைலான் நீரை உறிஞ்சும். நனைந்தபோது அதன் வலிவு சற்றுக் குறைந்து நீட்சி மிகும். பாலியெஸ்டர் அவ்வளவு மாறுவதில்லை. மழையில் கருவியின் பிடிப்பும் மாறுமாதலால் நனைந்த கயிற்றில் வேலையை நிறுத்துதல் நலம். பலாப்பால், மாம்பால், வேப்பம்பிசின் ஆகியவை கயிற்றில் ஒட்டிக் காய்ந்தால் ஓரிடத்தில் விறைப்பும் மற்றோரிடத்தில் வழவழப்பும் உண்டாகும். கருவியின் அசையும் துண்டுகளில் படிந்தால் அவை திரும்ப மூடாமல் நின்றுவிடும். வேலை முடிந்ததும் இரண்டையும் சுத்தம் செய்து நிழலில் உலர்த்தவேண்டும். உரம், பூச்சிமருந்து, பாட்டரி அமிலம் வைத்திருக்கும் அறையில் கயிற்றை வைக்கலாகாது. அமிலத்தால் நைலானும், காரத்தால் பாலியெஸ்டரும் கண்ணுக்குத் தெரியாமலே கெடும்.

உரிமையாளரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

மரத்தில் ஏறுபவன் கூலிக்கு வந்தவனாயினும், அவனுடைய உயிருக்கு ஏற்பாடு செய்தல் வேலை கொடுப்போரின் கடமையாகும். ஆகவே வேலை தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. கருவியில் குறித்த பருமனும் கயிற்றின் பருமனும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சீட்டு இல்லாத கயிற்றை ஏற்கலாகாது.

2. ஒவ்வொரு நாளும், தரையினின்று ஒரு முழ உயரத்தில் வேலையாள் முழு எடையோடு தொங்கிப் பரீட்சித்தல் வேண்டும். கைப்பிடியை விட்டவுடன் கருவி பற்றவேண்டும்; சிறிதும் ஊர்ந்து இறங்கலாகாது. கயிறோ கருவியோ மாட்டும் முறையோ மாறினால் மீண்டும் பரீட்சிக்கவேண்டும்.

3. கயிற்றின் அடிமுனையில் முடிச்சிடாமல் ஏறவிடலாகாது. முனை கருவியைக் கடந்து உருவிப்போவதை இது தடுக்கும்.

4. வாளோ இயந்திர ரம்பமோ கையாளும்போது, ஏறும் கயிற்றோடு இரண்டாவது கட்டு ஒன்றும் மரத்தில் இருக்கவேண்டும்.

5. உறை அறுந்த, உருகிப் பளபளத்த, உள்ளே கட்டிதட்டிய அல்லது பெரும் அதிர்ச்சி தாங்கிய கயிற்றைத் துண்டாக்கி வேறு வேலைக்கு ஒதுக்கவேண்டும். வாங்கிய தேதியை ஒரு கணக்கில் எழுதி வைத்தால் கயிற்றின் வயது தெரியும்.

கிளை வெட்ட ஆள் அமர்த்துவோர் கூலியைப் பேசுமுன் கயிற்றையும் கருவியையும் ஒருசேரக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நலம். அவை பொருந்தாவிடில் வேலையை மற்றொரு நாளுக்கு ஒத்திப்போடலாம். காய்ந்த கிளை சில நாள் மரத்திலேயே இருப்பதால், அதன் கீழே ஆளும் மாடும் நடவாமல் பார்த்துக்கொண்டால், நேரும் நஷ்டம் ஒன்றுமில்லை.