பஸ் தாமதமும் ஓட்டுநர் மீது பழியும்

காலை ஆறரை மணி. செங் வட்டாரத்துப் பஸ் நிறுத்தம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்து நிற்கிறார்கள். தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், பட்டணத்து மருத்துவமனைக்குப் போகும் முதியவர், புத்தகப் பை சுமந்த மாணவர் ஆகிய அனைவர் பார்வையும் சாலை வளைவின்மேல் இருக்கிறது. குறித்த நேரம் கடந்து இருபது நிமிடம் சென்றபின் பஸ் வருகிறது. "டிரைவர் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் வருகிறார் போலும்!" என்று ஏறும்போதே ஒருவர் முணுமுணுக்கிறார். ஓட்டுநர் அதைக் கேட்டும் கேளாதவர்போல் வண்டியை நகர்த்துகிறார்.

தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. பிரட்டுக் களமும், பால்மரக் காடும், பிள்ளைகளின் பள்ளியும் நடந்து போகும் தொலைவிலேயே இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், வீடு ஓரிடம், வேலை ஓரிடம், பள்ளி வேறோரிடம் என்றாயிற்று. சொந்த வண்டி இல்லாத குடும்பத்துக்கு இருபது நிமிடத் தாமதம் என்பது சம்பளத்தில் ஒரு பிடித்தம். மாணவனுக்கு அது முதற்பாடத்தின் இழப்பு. ஆதலின் மக்கள் சினங்கொள்வது இயல்பே. ஆயின், அச்சினம் உரியவர்மேல்தான் விழுகின்றதா? "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்னும் பழமொழி இங்கும் பொருந்துமா?

முந்திய நடையின் கடன்

சிறு பட்டணங்களில் ஒரு தடத்துக்கு ஓரிரு வண்டிகளே இருக்கும். பட்டணம் சென்ற அதே பஸ்தான் திரும்பி வந்து அடுத்த நடையை எடுக்கவேண்டும். எனவே ஏழு மணி நடையில் ஏற்பட்ட தாமதம், எட்டு மணி நடையின் தலையில் கடனாக ஏறிவிடுகிறது. இடையே சிறிது ஓய்வு நேரம் அட்டவணையில் விடப்பட்டிருந்தால் அக்கடன் அங்கேயே தீர்ந்துவிடும். விடப்படவில்லையெனில், காலையில் தோன்றிய தாமதம் மாலைவரை தொடரும். செங்கில் நிற்பவர் காண்பது அந்தக் கடனைத்தான்; அது எங்கே, எப்போது ஏற்பட்டதென்பதை அவர் காண்பதில்லை.

மலாக்காவில் அது ஏற்படுவதற்குக் காரணங்கள் பல. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. டச்சுக்காரர் காலத்துக் குறுகிய தெருக்களைக் காண வரும் சுற்றுப்பயணிகளின் கார்களும் பஸ்களும், உள்ளூர் மக்கள் செல்லும் சாலைகளையே நிறைக்கின்றன. வார இறுதி மாலைகளில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தைக்காக மூடப்படுகிறது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலை நோக்கி மக்கள் திரளும்போது அச்சாலையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் எத்துணைத் திறமை உடையவராயினும், முன்னே நிற்கும் காரைத் தாண்டிப் பறந்துவிட இயலாது.

தாமதம் தானே வளரும்

கோலாலம்பூர் போன்ற பெருநகரங்களில் வேறொரு காட்சியைக் காணலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டிய பஸ், இருபது நிமிடமாகியும் வருவதில்லை. பின்பு இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முன்னதில் நிற்கவும் இடமில்லை. பின்னது பாதி காலி. இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள் என்று பயணிகள் எண்ணுவர். உண்மை வேறு. ஒரு சிறு கணக்கால் இதனை மாணவர்க்கும் விளக்கலாம்.

ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு இருவர் வருகிறார்கள் என்று கொள்க. ஒருவர் ஏறிக் கட்டணம் செலுத்த நான்கு விநாடி ஆகிறது. பஸ் பத்து நிமிட இடைவெளியில் வந்தால் 20 பேர் இருப்பர். அவர்கள் ஏற 80 விநாடி போதும். அதே பஸ் ஒரு சிவப்பு விளக்காலோ சாலை நெரிசலாலோ மூன்று நிமிடம் பிந்தினால், 26 பேர் காத்திருப்பர். 104 விநாடி வேண்டும். ஆகவே அந்த ஒரு நிறுத்தத்திலேயே தாமதம் 24 விநாடி கூடிவிடுகிறது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சற்று மிகுதியானவர் நிற்பர். இன்னும் சற்று மிகுதியான நேரம் போகும். இவ்வாறு வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல், ஐந்து நிறுத்தங்களைக் கடந்ததும் மூன்று நிமிடத் தாமதம் ஐந்தரை நிமிடத்தைத் தாண்டிவிடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ இதற்கு நேர்மாறான நிலை. அதற்கு ஆட்கள் குறைவு. ஆதலால் விரைந்து வந்து முன்னதை நெருங்கிவிடுகிறது.

நியூவெல், பாட்ஸ் என்னும் இரு கணித அறிஞர்கள் 1964இல் இவ்வியல்பைக் கணித முறையில் ஆராய்ந்து காட்டினர். இதில் சோம்பேறி எவருமில்லை. இரண்டு ஓட்டுநரும் கடமை தவறாதவராயினும் பஸ்கள் ஒன்றுசேர்ந்துவிடும்.

இதனால் பயணிக்கு நேரும் இழப்பையும் கணக்கிடலாம். பஸ்கள் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே எண்ணிக்கைப் பஸ்கள் 2 நிமிடமும் 18 நிமிடமுமாக மாறி மாறி வந்தால், சராசரி 8 நிமிடத்துக்கு மேலாகிவிடும். காரணம், நீண்ட இடைவெளியில்தான் மிகப் பலர் வந்து சேர்கின்றனர். பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒழுங்கு குலைந்தது ஒன்றே குற்றம்.

ஊதிய முறையின் செல்வாக்கு

இனி, ஓட்டுநர் வேண்டுமென்றே தாமதிப்பதோ விரைவதோ இல்லையா? உண்டு. அதற்கும் ஒரு காரணம் உண்டு. கோலாலம்பூரில் 1975இல் தொடங்கி 1998இல் நிறுத்தப்பட்ட மினி பஸ்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பல வண்டிகள் பாஜாக் முறையிலோ வசூலில் பங்கு என்னும் முறையிலோ ஓடின. எத்துணைப் பேரை ஏற்றினாரோ அத்துணையே ஓட்டுநரின் வருவாய். ஆகவே கூட்டமுள்ள இடத்தில் வண்டி நிறையும்வரை நின்றார்கள். பின்பு அடுத்த வண்டியை முந்திக்கொள்ளப் பறந்தார்கள். மக்கள் ஓட்டுநரைத் திட்டினார்கள். ஆனால் அவரை அவ்வாறு ஓட்டச் செய்தது அந்த ஊதிய முறையே.

தென்னமெரிக்காவில் சிலி நாட்டுத் தலைநகரான சாந்தியாகோவிலும் இதே முறை இருந்தது. அங்கே தெருவோரத்தில் நின்று, முந்திய பஸ் போய் எத்தனை நிமிடமாயிற்று என்று ஓட்டுநருக்குச் சொல்லிச் சில்லறை பெறும் ஆட்கள் இருந்தனர். அவர்களுக்குத் தேரை என்னும் பொருளுடைய பட்டப்பெயரும் உண்டு. அவர்கள் தந்த செய்தியால் பஸ்கள் ஓரளவு இடைவெளி காத்து ஓடின. ஆயினும் போட்டியால் விபத்துகள் மலிந்தன. 2007இல் புதிய முறை வந்து நிலையான சம்பளம் பரவியபோது, தொடக்கத்தில் மக்கள் நெடுநேரம் காத்து நிற்க நேர்ந்தது. வசூலுக்காக விரட்டினால் உயிருக்கு ஆபத்து. சம்பளம் கொடுத்துவிட்டு மேற்பார்வையை மறந்தால் ஒழுங்குக்கு ஆபத்து. இரண்டும் நிருவாகத்தின் பொறுப்பே என்பது இதனால் தெளிவாகிறது.

பொறுப்பை உரிய இடத்தில் வைத்தல்

அண்டை நாடான சிங்கப்பூர் 2014இல் ஒரு புது ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. அட்டவணைப்படி வந்தால் பயணி எவ்வளவு நேரம் காத்திருப்பார், உண்மையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்னும் இரண்டையும் ஒப்பிட்டு, மிகுதியான நேரத்தை அளந்தார்கள். அது குறைந்தால் நிறுவனத்துக்குப் பரிசு. கூடினால் நிறுவனத்துக்கு அபராதம். இலண்டனில் முன்னரே வழங்கிவந்த அளவுகோல் இது. கணக்குக் கேட்கப்பட்டது ஓட்டுநரிடம் அன்று, நிறுவனத்திடம் என்பது கருதத்தக்கது. நிறுவனமே மேற்பார்வையாளரை வைத்து, முந்தி வரும் பஸ்ஸைச் சற்று நிறுத்தி, பிந்திய பஸ்ஸுக்கு வழி செய்ய முடியும். கூடுதல் வண்டி விடுவதும், அட்டவணையைத் திருத்துவதும், ஓட்டுநர்களை அமர்த்துவதும் அதன் கையில்தான் உள்ளன. பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை அமைப்பது அரசின் கையில் உள்ளது. 2015இல் திறக்கப்பட்ட சன்வே பஸ் தடம் தூண்களின்மேல் தனிவழியில் செல்வதால், கீழேயுள்ள நெரிசல் அதனைத் தொடுவதில்லை.

அப்படியானால் ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லையா? அவர் உயிரற்ற அம்பு அல்லர். தொடக்க நிலையத்தினின்று குறித்த நேரத்தில் புறப்படுவது அவர் கடமை. குறித்த நேரத்துக்கு முன்பே ஒரு நிறுத்தத்தைக் கடந்து போவது தாமதத்தினும் பெரிய குற்றம். ஏனெனில் ஒழுங்காக வந்தவரையே அது கைவிட்டுவிடுகிறது. கைகாட்டும் கிழவியைக் கண்டும் காணாமல் போவதற்கும், தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டுவதற்கும் எந்த ஊதிய முறையையும் சாக்காகச் சொல்ல முடியாது. இவற்றில் தவறுபவர் கண்டிக்கப்பட வேண்டியவரே.

ஆனால் கோப்பிக்கடையில் அமர்ந்திருந்தார் என்பது மட்டும் குற்றமாகாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்குவதானால் இடையே அரைமணி ஓய்வு தரவேண்டும் என்று இந்நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளருக்கு வகுத்திருக்கிறது. நாற்பது உயிர்களைச் சுமப்பவர் களைப்பாறுவது அந்த நாற்பது பேருக்கும் காப்பு. அந்த அரைமணியை அட்டவணையில் சேர்க்காமல் விட்டவர்தான் பயணியைக் காக்க வைத்தவர்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தபின்பே மருந்து செய்யவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் காட்டிய நெறி. பஸ் பிந்தும்போது எண்ணையும், தடத்தையும், நேரத்தையும் குறித்துக்கொண்டு நிறுவனத்துக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் எழுதுவதே பயன் தரும். ஒரே நடை நாள்தோறும் பிந்துமானால் குற்றம் அட்டவணையில். ஒரே ஓட்டுநரின் நடை மட்டும் பிந்துமானால் குற்றம் அவரிடம். பத்து நாள் குறிப்பு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இந்நெறி பள்ளிக்கும் பொருந்தும். முதல் மணி அடித்தபின் மூச்சிரைக்க ஓடிவரும் மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துமுன், அவன் ஏறிய பஸ் எப்போது வந்தது என்று கேட்பது ஆசிரியர் கடன். அந்தப் பஸ்ஸின் ஓட்டுநரிடமும் அன்று காலையில் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.