பொருந்தாத கையொப்பம்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் அமைந்த சிற்றூர் பாலாறு. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலக்கும் சிற்றாறு. அவ்வூரிலிருந்து வரும் நம் வாடிக்கையாளர் ஒருவர், பிரசவமாகி ஐந்தாம் மாதத்தில் பணம் எடுக்க வந்தார். அவர் இட்ட கையொப்பம் நம்மிடமுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் பொருந்தவில்லை. மறுமுறை இட்டார், அதுவும் பொருந்தவில்லை. காரணம் கேட்டதும் அழுதுவிட்டார். அவர் இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.

பிரசவத்தின்போது கடும் இரத்தப்போக்கு. இரத்தம் ஏற்றி உயிரைக் காத்துள்ளனர். இப்போதும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது. கண்ணை மூடினால் பிரசவ அறை தோன்றுகிறது. "குழந்தை நலமாக இருக்கிறதே, இன்னும் என்ன குறை?" என்கின்றனர் வீட்டார். அடுத்த மாதம் பணிக்குத் திரும்ப வேண்டும்.

இழந்த இரத்தம் சில நாள்களில் ஈடாகிவிடுவதில்லை. பிரசவத்திற்குப் பின் 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரை உண்ண வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. பலர் புண் ஆறியவுடன் நிறுத்திவிடுகின்றனர். சிலர் காப்பியுடன் விழுங்கிப் பயனைக் குறைத்துக்கொள்கின்றனர். பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் களைப்பு நீடித்தால், இரத்த இழப்பால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டதா என மருத்துவர் ஆராய வேண்டும். உயர் இரத்த அழுத்தத்தால் துன்புற்ற தாய்மாருக்கோ பிரசவத்திற்குப் பின்னும் வலிப்பு வரக்கூடும். ஆதலின் அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்துவர வேண்டும்.

மனத்தின் காயத்திற்கும் அளவுகோல் உண்டு. 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட 10 வினாக்கள், கடந்த ஏழு நாள்களில் தாய் எவ்வாறு இருந்தார் என்பதை வினவுகின்றன. நிலை கடுமையானால், பெங்களூரு நிம்ஹான்சில் தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காமலே மருத்துவம் செய்யும் தனிப்பிரிவு உள்ளது. 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் மனநல ஆலோசனை பெறலாம். எல்லையோர ஊர்களுக்கு இது சிறிய வசதியன்று.

விடுப்பைப் பற்றி நமக்கே முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 26 வார விடுப்பைப் பலரும் அறிவர். கருவுற்றதாலோ பிரசவத்தாலோ நோய் நேர்ந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஊதியத்துடன் மேலும் ஒரு மாத விடுப்புக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே இடமளித்தது; 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கருச்சிதைவுற்றோருக்கு ஆறு வாரம்.

அன்று அடையாள அட்டையைச் சரிபார்த்துப் பணத்தை வழங்கினோம். தொலைபேசி எண்ணையும் விடுப்பு விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அவர் கணவர் வந்தார். அந்தத் தாள் மடிந்து கசங்கியிருந்தது. மருத்துவச் சான்றை நிறுவனத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.