கச்சான் காற்றைத் தாண்ட வேண்டிய கன்றுகள்



உங்கள் பிள்ளை கல்வி பயிலும் பாடசாலையின் பின்மதிலருகே எப்போதாவது சென்று பார்த்ததுண்டா? முன்வாசலில் பூச்சாடிகள் வரிசையாக நிற்கும், பெயர்ப்பலகை பளிச்சிடும். பின்புறத்திலோ வகுப்பறைக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் இடையே ஒரு துண்டு நிலம் கேட்பாரற்றுக் கிடக்கும். உடைந்த கதிரைகள், யோகட் கோப்பைகள், பொலித்தீன் உறைகள், அவற்றினூடே எருக்கலையும் நாயுருவியும். கல்முனைக் கரையோரம் என்றால் வெறும் மணலும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். "அங்கே போகாதே, பாம்பு கிடக்கும்" என்று பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறோம். அந்தத் துண்டு நிலத்தைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் இக்கரையில் நிலம் அரிது. வீடுகள் நெருங்க நெருங்க வளவுகள் சுருங்கிவிட்டன. மண்ணைக் கையால் தொடவும், ஒரு செடி நாளுக்கு நாள் வளர்வதைக் காணவும் பல சிறுவருக்கு வாய்த்திருக்கும் ஒரே இடம் பாடசாலை வளவுதான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேறுபாட்டை அந்த அலை பார்க்கவில்லை. அன்று தரம் மூன்றில் படித்து உயிர் தப்பியவர்கள் இன்று தம் பிள்ளைகளைத் தரம் ஒன்றில் சேர்க்கும் வயதினர். கடலோர மண்ணை அச்சத்தோடு நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அம்மண்ணின் வேறொரு முகத்தையும் காட்டவேண்டிய கடமை நமக்குண்டு.

மரநடுகை நமக்குப் புதிதன்று என்பீர்கள். உண்மைதான். ஆண்டுதோறும் யூன் 5 ஆம் திகதி, உலக சுற்றாடல் தினத்தன்று, பிரமுகர் வருவார், கன்று நடப்படும், புகைப்படம் எடுக்கப்படும். ஆனால் கிழக்குக் கரையில் யூன் மாதம் எத்தகையது? கச்சான் காற்று வறண்டு வீசும் காலம் அது. தென்மேற்கிலே மழை பெய்யும் மாதத்தில், மழையே இல்லாத நாமும் கன்று நடுகிறோம். அடுத்து ஓகஸ்ட் விடுமுறை வந்துவிடும். பாடசாலை மீளத் திறக்கும்போது கன்று நின்ற இடத்தில் காய்ந்த குச்சி நிற்கும். அடுத்த யூனில் அதே குழியில் இன்னொரு கன்று! நமக்குரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அல்லவா வருகிறது?

நட்டதை மறந்துவிடும் இப்பழக்கத்தின் விளைவு சிறிதன்று. இலங்கைக் கரையோரங்களில் மேற்கொள்ளப்பட்ட கண்டல் மீள்நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் ஓர் ஆய்வு வெளியானது. 23 இடங்களைப் பார்த்ததில் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நடுகை நடந்திருந்தும் 200 முதல் 220 ஹெக்டயர் வரையிலேயே அது பலித்திருந்தது. நட்ட பின்னர் பராமரித்தார்களா என்பதற்கும் கன்று பிழைத்ததற்கும் நெருங்கிய தொடர்பு இருந்ததை அவ்வாய்வு காட்டியது. பெருந்தொகைப் பணம் சாதிக்காததை, நாள்தோறும் வந்து பார்க்கும் ஒருவர் சாதித்துவிடலாம். பாடசாலை நாட்களில் தவறாது வருகின்றவர்கள் யார்? நம் சிறுவர்களே.

பிறநாட்டுக் கதையும் இதையே சொல்கிறது. கென்யாவில் கத்தோலிக்க அருட்சகோதரிகளிடம் கல்வி கற்ற வங்காரி மாத்தாய், 1977 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் திகதி நைரோபியில் ஏழு மரங்களை நட்டுத் தம் இயக்கத்தைத் தொடக்கினார். அவற்றுள் இரண்டே பிழைத்தன. அவர் மனம் சோராது, கிராமத்துப் பெண்களிடம் நாற்றங்காலை ஒப்படைத்தார். 2004 இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அவரது கதையைப் படித்த ஜேர்மனியச் சிறுவன் பீலிக்ஸ் பின்க்பைனர், 2007 இல் நான்காம் வகுப்பில் இருக்கும்போது, வகுப்பில் அதுபற்றிப் பேசித் தன் பாடசாலையில் ஒரு மரம் நட்டான். பிற்காலத்தில் பல நாடுகளுக்குப் பரவிய சிறுவர் இயக்கம் ஒன்று அந்த ஒரு மரத்திலிருந்து தொடங்கியது.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் வந்து பார்த்தும் பழம் காணாத உரிமையாளர் மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அந்த ஆண்டில் வேரடி மண்ணைக் கிளறி உரமிடுவதாகவும் சொல்கிறார். வெறும் இரக்கத்தோடு நிற்காமல் தம் கைவேலையையும் சேர்த்தே அவர் பிணை வைக்கிறார். அந்த மரம் பின்னர் காய்த்ததா என்று லூக்கா எழுதவில்லை.

பின்மதிலருகே இவ்வேலையை எவ்வாறு தொடங்குவது? முதலில் கத்தியை எடுக்க வேண்டாம். டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என்ற பெயரில் வளவையே மொட்டையாக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நுளம்பு பெருகுவது நீர் தேங்கிய சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் ஆகும்; எருக்கலை இலையில் அன்று. அந்த இலையைப் புரட்டிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியிட்ட புழு ஒன்று இருக்கக்கூடும். வெந்தய நிறச் சிறகு கொண்ட வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அது. எருக்கலைப் பால் கண்ணுக்குக் கேடு என்பதால் ஆசிரியர் அருகிருந்து காட்டட்டும். என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் ஒரு வாரம் பார்த்து எழுதிய பின்னரே, எதை அகற்றுவது என்று தீர்மானியுங்கள். அடம்பன் கொடி படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், மணலைப் பிடித்து வைப்பது அதுவே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் மூத்தோர் சொன்னதும் அதைப் பார்த்துத்தானே.

அகற்ற வேண்டியவற்றுள் முதன்மையானது பொலித்தீன். அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நமது மாவட்டத்தின் பள்ளக்காட்டில் ஊர்க்குப்பைகள் கொட்டப்பட்டன. அங்கே பிளாஸ்ரிக் கலந்த குப்பையை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. இடைவேளையில் வீசப்படும் ஓர் உணவு உறை யானையின் வயிறு வரை செல்லக்கூடும் என்பதை ஏழு வயதுப் பிள்ளை நம்மைவிட விரைவாக விளங்கிக்கொள்ளும்.

குழி வெட்டுவது பெற்றோரின் வேலை. மணல் நிலம் நீரைத் தங்கவிடாது. ஆதலால் குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சைப் பரப்பி, மாட்டெருவும் சருகும் கலந்த மண்ணை இடுங்கள். பூவரசும் புன்னையும் வேம்பும் உப்புக்காற்றைத் தாங்கும். மதிலின் மறைவில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் வேறு வண்ணத்துப்பூச்சிகளும் முட்டையிட வரும். பத்துக் கன்றுகள் போதும். வேலி மட்டும் உறுதியாக இருக்கட்டும், கல்முனை வீதிகளில் உலாவும் கட்டாக்காலி மாடுகளுக்குச் சுற்றாடல் தினம் தெரியாது. ஒவ்வொரு கன்றும் ஒரு வகுப்பின் பொறுப்பில் இருப்பது நன்று. கன்று பட்டுப்போனால் அவ்வகுப்பை எவரும் கடிந்துகொள்ள வேண்டாம். ஏன் பட்டது என்று கேட்டு எழுதட்டும்.

எஞ்சுவது விடுமுறைத் தொல்லை. இதற்கு இக்கரையில் வேறெங்கும் எளிதில் அமையாத ஒரு வழி உண்டு. முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்தில் மூடப்படுகின்றன. தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறை வேறு நாட்களில் வருகிறது. கார்மேல் பற்றிமாவும் சாஹிறாவும் வெஸ்லியும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த மண் இது. ஒரு பாடசாலை மூடியிருக்கும்போது அதன் கன்றுகளுக்கு அயல் பாடசாலைப் பிள்ளைகள் நீர் ஊற்றுவதற்கு இரண்டு அதிபர்கள் பேசிக்கொண்டாலே போதுமானது.

ஐப்பசி மழைக்கு முன் குழிகள் ஆயத்தமாக வேண்டும். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உங்களுள் ஒருவர் எழுந்து கேளுங்கள்: வருகிற நோன்பு விடுமுறையில் அயல் பாடசாலைக்கு வாளி எடுத்துச் செல்லப்போவது எந்த வகுப்பு?